ஊராட்சிச் சாலை, வடிகால், மனை அங்கீகாரம், புறம்போக்கு: உறுப்பினர்களின் கேள்விகளும் பதில்களும்

ஊரக வளர்ச்சித் துறையின் பொறியியல் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இயன்றவரை பதில் எழுதியிருக்கிறேன். ஒரே பொருளைப் பற்றிய கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். ஊர்ப் பெயர்களையும் ஆட்களின் பெயர்களையும் நீக்கிவிட்டேன். பதில்கள் தமிழ்நாட்டுக் கிராம ஊராட்சிகளுக்கு மட்டுமே உரியவை.

கேள்வி: ஐயா, எங்கள் ஊரிலிருந்து பிரதான சாலைக்குச் செல்லும் தார்ச்சாலை குண்டும் குழியுமாகக் கிடக்கிறது. ஊராட்சியில் கேட்டால் ஒன்றியச் சாலை என்கிறார்கள். ஒன்றிய அலுவலகத்தில் நெடுஞ்சாலைத் துறையிடம் போகச் சொல்கிறார்கள். யாரிடம் மனுக் கொடுப்பது?

பதில்: மனு எழுதுவதற்கு முன், அந்தச் சாலை யாருடைய கணக்கில் இருக்கிறது என்பதைக் கண்டறியுங்கள். ஊருக்குள் இருக்கும் தெருக்களும் சிறு சாலைகளும் கிராம ஊராட்சியைச் சேர்ந்தவை. ஊர்களை இணைக்கும் சாலைகளில் பல ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் இருக்கும். இதர மாவட்டச் சாலை என்று வகைப்படுத்தப்பட்டது முதல் மாநில நெடுஞ்சாலை வரை உள்ளவற்றை நெடுஞ்சாலைத் துறை பார்க்கிறது. ஒன்றிய அலுவலகப் பொறியியல் பிரிவின் சாலைப் பதிவேட்டில் சாலையின் பெயர், நீளம், வகை ஆகியவை இருக்கும். அந்தப் பக்கத்தின் நகலை எடுத்து மனுவுடன் இணைத்துவிட்டால் மூன்று அலுவலகங்களுக்கும் அலைய வேண்டியதில்லை. வாய்மொழியாக “எங்களுடையது அல்ல” என்று சொல்பவர்கள், அதையே கையெழுத்திட்டுத் தரச் சொன்னால் பெரும்பாலும் பதிவேட்டைத் திறந்து பார்ப்பார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2000 டிசம்பரில் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தில் போடப்பட்ட சாலையாக இருந்தால், பணி முடிந்த பிறகு ஐந்து ஆண்டுகளுக்கு அதைப் பராமரிக்கும் கடமை ஒப்பந்ததாரருக்கே உண்டு. சாலை தொடங்கும் இடத்தில் நடப்பட்டுள்ள பலகையில் பணி முடிந்த நாள் எழுதப்பட்டிருக்கும். செடி மண்டிப் போயிருந்தாலும் விலக்கிப் படித்துப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் தெருவில் சிமெண்ட் சாலை போடப் போகிறார்கள். பொறியியல் தெரியாதவர்கள் தரத்தை எப்படிக் கண்காணிப்பது? ஆறு மாதத்தில் பெயர்ந்துவிட்ட சாலையைப் பக்கத்துத் தெருவில் பார்த்த அச்சத்தில் கேட்கிறேன்.

பதில்: வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், சாலை போட்டு முடிந்த பிறகு புகார் எழுதுவோர் பலர், போடுவதற்கு முன் கேட்போர் மிகச் சிலர்.

முதலில் மதிப்பீட்டு அறிக்கையின் நகலைப் பெறுங்கள். அதில் அடித்தளத்தின் கனம், அதன் மேல் வரும் கான்கிரீட்டின் கனம், கலவையின் தரம், சாலையின் நீள அகலம் எல்லாம் இருக்கும். கான்கிரீட் 15 செ.மீ. என்று குறிப்பிடப்பட்டிருந்தால், இரு ஓரங்களிலும் அடைக்கும் பலகையோ இரும்புச் சட்டமோ அந்த உயரத்துக்கு இருக்கும். ஏமாற்று வேலை ஓரத்தில் நடப்பதில்லை, நடுவில்தான் நடக்கும். அடித்தளத்தைச் சமன் செய்யாமல் நடுப்பகுதியை மேடாக விட்டுவிட்டால், பார்வைக்கு ஓரத்தில் 15 செ.மீ. தெரியும், நடுவில் 10 செ.மீ.கூடத் தேறாது. கான்கிரீட் கொட்டுவதற்கு முன், இரு பக்கச் சட்டங்களின் மேல்விளிம்பையும் தொடும்படி தெருவின் குறுக்கே ஒரு கயிற்றை இழுத்துப் பிடித்து, கயிற்றிலிருந்து தரை வரை ஓர் அளவுகோலை இறக்கிப் பாருங்கள். பத்தடிக்கு ஓர் இடமாக நான்கைந்து இடங்களில் பார்த்தால் போதும். பணி மேற்பார்வையாளராக இருந்த காலத்தில் நானும் இதைத்தான் செய்தேன். மழைநீர் வழிவதற்காகச் சாலையின் மேற்பரப்பு நடுவில் சற்று உயர்ந்திருக்க வேண்டும் என்பதால், நடுவில் அளவு சிறிது கூடலாம், குறையக் கூடாது.

அடுத்து நீராற்றல், அதாவது கான்கிரீட் வலுப்பெறும் வரை அதைக் காயவிடாமல் ஈரமாக வைத்திருப்பது. உங்கள் பக்கத்துத் தெருச் சாலையின் மேற்பரப்பு மாவாக உதிர்ந்திருந்தால், சிமெண்ட்டைக் குறைத்துவிட்டார்கள் என்றே எல்லோரும் சொல்வார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம்; ஆனால் சரியான அளவு சிமெண்ட் போட்ட சாலையும், தண்ணீர் காட்டாமல் விட்டால் அப்படித்தான் உதிரும். கலவை இளகி ஓட வேண்டும் என்பதற்காகத் தண்ணீரை அதிகமாக ஊற்றுவதும் இதே கேட்டைத் தரும். சாலை இறுகியதும் அதன் மேல் மண்ணால் சிறு பாத்திகள் கட்டி, குறைந்தது இரண்டு வாரம் நீர் தேங்கி நிற்கச் செய்ய வேண்டும். காலையில் ஒரு முறை குழாயைப் பிடித்து நனைப்பது நீராற்றல் ஆகாது. இதைத் தெருவாசிகளே முறை வைத்துச் செய்யலாம். ஒப்பந்ததாரர் மகிழ்ச்சியாக அனுமதிப்பார்.

பணி முடிந்ததும் பொறியாளர் அளவெடுத்து எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகத்தில் பதிவார். அந்தப் பதிவின்படிதான் பணம் வழங்கப்படும். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, ஆவணங்களின் நகலைத் தருவதோடு நின்றுவிடவில்லை; பணியை நேரில் ஆய்வு செய்யவும், பயன்படுத்திய பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறவும் அதில் இடம் உண்டு. இந்த உரிமையைக் கையாண்டவர்களை என் பணிக்காலத்தில் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கேள்வி: பழைய சாலையின் மேலேயே புதிய சாலை போட்டதால் என் வீட்டு வாசற்படி சாலையைவிடத் தாழ்ந்துவிட்டது. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே வருகிறது.

பதில்: மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, பழைய மட்டத்திலேயே புதிய சாலை அமைய வேண்டும் என்று 2021 மே மாதத்தில் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தினார். கிராமங்களில் இது பெரும்பாலும் ஏட்டளவில் நிற்கிறது. போட்ட சாலையை உங்களுக்காகப் பெயர்க்க மாட்டார்கள்; ஆகவே சாலையின் ஓரத்தில் வடிகால் கேட்டு மனு செய்யுங்கள். அடுத்த தெருவுக்கு வேலை வரும்போது, மதிப்பீட்டில் சுரண்டும் பணி சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று முன்கூட்டியே பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: வடிகால் கட்டி ஓராண்டு ஆகிறது. தண்ணீர் ஓடவில்லை, கொசுதான் பெருகுகிறது.

பதில்: வடிகால் எங்கே போய் முடிகிறது என்று நடந்து சென்று பாருங்கள். நிதி இருந்த அளவுக்குக் கட்டி, தெருமுனையில் நிறுத்திவிட்ட வடிகால்களை ஏராளமாகப் பார்த்திருக்கிறேன். அது வடிகால் அல்ல, நீண்ட தொட்டி. முடிவிடம் சரியாக இருந்தும் நீர் நின்றால் சரிவில் பிழை இருக்கிறது. போக்கிடமே இல்லாத தெருவுக்கு வீட்டுக்கு வீடு உறிஞ்சுகுழி அமைப்பதுதான் தீர்வு. களிமண் நிலமாக இருந்தால் அதுவும் பயன் தராது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: 2018 இல் ஒரு மனை வாங்கினேன். “பஞ்சாயத்து அப்ரூவல்” உள்ள மனை என்று சொல்லி விற்றார்கள். இப்போது வீடு கட்ட அனுமதி கேட்டால், மனைப்பிரிவே அங்கீகாரம் பெறாதது என்கிறார்கள்.

பதில்: பஞ்சாயத்து அப்ரூவல் என்ற சொல் பலரைக் கடனாளியாக்கியிருக்கிறது. மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் தொழில்நுட்ப ஒப்புதல் வேண்டும். அதன் பிறகே ஊராட்சி அனுமதி வழங்க முடியும். ஊராட்சித் தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் மட்டும் உள்ள வரைபடத்துக்குச் சட்டப்படி மதிப்பில்லை.

அங்கீகாரமற்ற மனைகளின் பதிவை 2016 இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை செய்ததும், அதைத் தொடர்ந்து 2017 இல் அத்தகைய மனைகளை முறைப்படுத்துவதற்கான வரன்முறை விதிகளை அரசு கொண்டுவந்ததும் நினைவிருக்கலாம். அந்த விதிகளில் 2016 அக்டோபர் 20 ஆம் நாள்தான் எல்லைக்கோடு. நீங்கள் வாங்கியது 2018 ஆக இருந்தாலும், உங்களுக்கு விற்றவரோ அவருக்கு முந்தையவரோ அந்த நாளுக்கு முன் மனையாகவே கிரயம் பெற்றிருந்தால் வழி உண்டு. எனவே உங்கள் பத்திரத்தை வைத்துவிட்டு மூலப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் எடுத்துப் பாருங்கள். அந்த நாளுக்குப் பின் விளைநிலத்தைப் புதிதாகத் துண்டு போட்டு விற்றிருந்தால், வழக்கறிஞரிடம் செல்வதைத் தவிர வேறு ஆலோசனை என்னிடம் இல்லை.

கேள்வி: எங்கள் மனைப்பிரிவில் பூங்காவுக்கென விடப்பட்ட இடத்தில், மனை போட்டவரின் வாரிசுகள் வேலி போட்டுவிட்டார்கள்.

பதில்: 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் நீங்கலான பரப்பில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளி ஒதுக்கீடாக விட வேண்டும். அந்த இடமும் சாலைகளும் தானப் பத்திரத்தின் மூலம் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்கப்பட வேண்டும். பதிவாளர் அலுவலகத்தில் அந்தத் தானப் பத்திரத்தைத் தேடி எடுங்கள். அது கிடைத்துவிட்டால், வேலியை அகற்ற வேண்டியது ஊராட்சியின் கடமை. தானப் பத்திரம் நிறைவேறியும், பட்டா பழைய உரிமையாளரின் பெயரிலேயே தொடர்வதால்தான் வாரிசுகளுக்கு இந்தத் துணிவு வருகிறது; பட்டாவை ஊராட்சியின் பெயருக்கு மாற்றும்படி வட்டாட்சியருக்கும் ஒரு மனு போடுங்கள்.

கேள்வி: சிறிய வீடு கட்டுவதற்கும் அலுவலகங்களுக்கு அலைய வேண்டுமா?

பதில்: 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்துவிட்டது. 2,500 சதுர அடி வரை உள்ள மனையில், 3,500 சதுர அடிக்கு மிகாமல், தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட குடியிருப்புக்கு இணையவழியில் விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தினால் உடனே அனுமதி கிடைக்கும். ஆனால் நீங்கள் அளிப்பது உறுதிமொழி. வரைபடத்தில் ஒன்றும் தரையில் வேறொன்றுமாகக் கட்டினால் பொறுப்பு முழுவதும் உங்களுடையது.

கேள்வி: என் நஞ்சை நிலத்தில் ஒரு கிடங்கு கட்ட விரும்புகிறேன். சொந்த நிலம்தானே, அனுமதி எதற்கு?

பதில்: நிலம் உங்களுடையது, பயன்பாட்டு வகை அரசின் ஒழுங்குமுறைக்கு உட்பட்டது. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971 இன் கீழ் முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) உள்ள பகுதியா, திட்டமில்லாப் பகுதியா என்று முதலில் பாருங்கள். முழுமைத் திட்டத்தில் விவசாய மண்டலம் என்று குறிக்கப்பட்டிருந்தால் நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். திட்டமில்லாப் பகுதிக்கு 2017 ஆம் ஆண்டின் விதிகள் பொருந்தும். நஞ்சை என்பதால் வேளாண்மைத் துறையின் கருத்தும் மாவட்ட ஆட்சியரின் இசைவும் தேவைப்படும். பக்கத்து வயல்களுக்குப் பாயும் வாய்க்கால் உங்கள் நிலத்தின் வழியே சென்றால், அதைத் தொடாமல் வரைபடம் போடுங்கள். பெரும்பாலான விண்ணப்பங்கள் சிக்கிக்கொள்வது அங்கேதான்.

கேள்வி: மேய்க்கால் புறம்போக்கில் பாதியைச் சிலர் வளைத்துவிட்டார்கள். அவர்களுக்கே அதைக் கொடுத்துவிடலாம் என்று ஊராட்சியில் தீர்மானம் போடப் போவதாகக் கேள்விப்படுகிறோம்.

பதில்: போடட்டும்; அதனால் நிலத்தின் வகை மாறாது. புறம்போக்கின் வகைப்பாட்டை மாற்றும் அதிகாரம் வருவாய்த் துறையின் வழியாக அரசுக்கு மட்டுமே உண்டு. ஊர்ப் பொது நிலங்களில் ஏற்பட்ட ஆக்கிரமிப்புகளை அகற்ற வேண்டும் என்றும், நீண்ட கால அனுபவத்தையோ செலவழித்துக் கட்டியதையோ காரணமாகக் காட்டி அவற்றை முறைப்படுத்தக் கூடாது என்றும் ஜக்பால் சிங் வழக்கில் 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிலமற்ற ஏழைகளுக்கு அரசு ஒதுக்குவது போன்ற சில நேர்வுகளுக்கு மட்டுமே விலக்கு அளித்தது. ஊரின் நிலங்களைப் புல எண் வாரியாகக் காட்டும் ‘அ’ பதிவேட்டின் நகலையும், நிலத்தின் அளவுகளைக் காட்டும் புலப்படத்தையும் இணைத்து வட்டாட்சியருக்கு எழுதுங்கள். அவர் 1905 ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி அறிவிப்பு கொடுத்து, பதிலைக் கேட்ட பின்னரே அகற்ற முடியும். ஏரியாகவோ குளமாகவோ இருந்தால் 2007 ஆம் ஆண்டின் தனிச் சட்டமும் துணைக்கு வரும்.

கேள்வி: கிராம சபையில் நாங்கள் கேட்ட பணிகள் தீர்மானத்தில் இல்லை, கேட்காத பணிகள் இருக்கின்றன.

பதில்: கூட்டத்துக்கு வந்தவர்களிடம் தொடக்கத்திலேயே கையெழுத்து வாங்கிக்கொண்டு, தீர்மானங்களைப் பிறகு சாவகாசமாக எழுதுவது பல ஊர்களில் பழக்கமாகிவிட்டது. உங்கள் கையெழுத்து வருகைக்குத்தான். ஆனால் கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை நிறைவுற்றதற்கான சான்றும் அதுவே. 501 முதல் 3,000 பேர் வரை வாழும் ஊராட்சிக்குக் குறைந்தது 100 பேர் வர வேண்டும். முன்பு நான்கு நாட்கள் நடந்த கிராம சபை, இப்போது மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவற்றையும் சேர்த்து ஆண்டுக்கு ஆறு நாட்கள் கூடுகிறது. பெரும்பாலான மாவட்டங்களில் 2025 ஜனவரி 5 உடன் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றபோதும் கிராம சபை நின்றுவிடவில்லை.

கோரிக்கையைப் பேசினால் மட்டும் போதாது. புல எண்ணுடன் எழுதி, இரண்டு படிகளாக எடுத்துச் சென்று, ஒன்றில் ஒப்புதல் கையெழுத்து வாங்குங்கள். கூட்டம் கலைவதற்கு முன் தீர்மானங்களை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். கடைசித் தீர்மானத்தின் கீழ் இடைவெளி விடாமல் கோடு இழுக்கச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.