ஃபுட்பால் ஷின் கார்டு ஹாக்கிக்குப் போதுமா?

"மகளை ஹாக்கியில் சேர்த்திருக்கிறேன். வீட்டில் ஃபுட்பால் ஷின் கார்டு (முழங்காலுக்குக் கீழே கட்டும் கவசம்) கிடக்கிறது, அதுவே போதுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. அந்தத் தப்பை நான் செய்தேன்.

நாங்கள் பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். என் மகளுக்கு அப்போது 11 வயது. அண்ணன் மகன் போட்டுக் கழித்த ஃபுட்பால் கார்டைத்தான் மாட்டி அனுப்பினேன். அது முன்னெலும்பை மட்டும் மறைக்கிற சின்னத் தகடு. மூன்றாவது வாரமே பந்து அதைத் தாண்டி வெளிப்பக்கக் கரண்டையில் பட்டது. எக்ஸ்ரேயில் மயிரிழை விரிசல். ஐந்து வாரம் கட்டோடு, ஸ்டிக்கை மடியில் வைத்துக்கொண்டு மைதான ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்த முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

ஹாக்கி கார்டு அகலமாக இருக்கும். காலின் இரு பக்கத்தையும் அணைத்து, கீழே கரண்டை எலும்பு வரை இறங்கும். கடைக்குப் பிள்ளையையும் ஆடும் ஷூவையும் கூட்டிப் போங்கள். மேல் விளிம்புக்கும் முழங்கால் சில்லுக்கும் நடுவில் இரண்டு விரல் இடம் வேண்டும். குனிந்து ஸ்டிக் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள், சில்லில் இடித்தால் வேண்டாம். "வளர்ற பிள்ளைதானே" என்று பெரிய சைஸ் வாங்காதீர்கள், ஓடும்போது திரும்பிக்கொள்ளும். உள்ளே மெல்லிய பருத்தி சாக்ஸ் போட்டால் தோல் உரியாது. டர்ஃப் என்கிற செயற்கைப் புல் மைதானத்தில் தண்ணீர் அடிப்பார்கள், நுரைப்பஞ்சு நனைந்துவிடும். பையிலேயே விடாமல் அன்றன்றே காய வையுங்கள்.

நான் கோச் இல்லை, பட்டுத் தெரிந்துகொண்டவன். "நாங்களெல்லாம் வெறுங்காலோடு ஆடினோம்" என்று யாராவது எழுதுவார்கள். ஹாக்கிப் பந்து 156 முதல் 163 கிராம். ஏறக்குறைய கிரிக்கெட் பந்தின் எடை. அதற்குக் காலில் பேட் கட்டாமல் யாரும் பேட்டிங் செய்ய நிற்பதில்லையே? கட்டாயம் இல்லைதான், ஆனால் சர்வதேச விதிப் புத்தகமே ஷின், கணுக்கால், வாய்க் காப்பு மூன்றையும் போடச் சொல்லிப் பரிந்துரைக்கிறது.

கேட்காததையும் சொல்கிறேன். கட்டுப் போட்ட காலைப் பார்க்க வந்த உறவுக்காரர்களில் ஒருவர்கூட வலிக்கிறதா என்று அவளைக் கேட்கவில்லை. "பொம்பளப் பிள்ளை கால்ல தழும்பு விழுந்தா நாளைக்கு யார் கட்டுவா" என்றார்கள், அவள் காதுபடவே. பையன் அடிபட்டு வந்தால் வீரம் என்பவர்கள் இவர்கள். எனக்கு ஆறவே இல்லை.

அவள் இப்போது டிஃபென்ஸ் ஆடுகிறாள். பெனால்டி கார்னருக்கு (நம் அணியின் தவறுக்காக எதிரணி கோலை நோக்கி அடிக்கும் வாய்ப்பு) முழங்கால் பேடும் முகக் கவசமும் தனியாக உண்டு. அதை இப்போதே வாங்க வேண்டாம், கோச் சொல்லும்போது பார்த்துக்கொள்ளலாம்.