நிலவுக்குப் போன ஸ்பீட்மாஸ்டர்: கேள்வி பதில்

அண்ணா, ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் விண்வெளிக்கென்றே செய்த வாட்சா?

இல்லை. 1957-இல் கார் பந்தயத்தை மனதில் வைத்துச் செய்தது. டயலைச் சுற்றிய வளையத்தில் உள்ள எண்கள் வேகம் கணக்கிடத்தான். ஒரு கிலோமீட்டரைக் கடக்க 30 விநாடி ஆனால் முள் 120-இல் நிற்கும். மணிக்கு 120 கி.மீ. என்று அர்த்தம். 1962 அக்டோபரில் மெர்க்குரி என்ற அமெரிக்க விண்கலத்தில் பறந்த வால்டர் ஷிரா, கட்டிக்கொண்டு போனது தன் சொந்த ஸ்பீட்மாஸ்டரைத்தான்.

அப்போ விண்வெளிக்குப் போன முதல் வாட்ச் இதுதானே?

அதுவும் இல்லை. 1961-லேயே விண்வெளிக்குப் போன முதல் மனிதர் ககாரின் கையில் சோவியத் வாட்ச் இருந்தது. 1962 மே மாதம் அமெரிக்க வீரர் ஸ்காட் கார்ப்பென்டர் 24 மணி நேர டயல் போட்ட பிரைட்லிங் வாட்சோடு போனார்.

நாசா இதை எப்படித் தேர்ந்தெடுத்தது? விளம்பர ஒப்பந்தமா?

விளம்பரம் எல்லாம் பிறகு வந்தது. 1964-இல் ஜேம்ஸ் ரேகன் என்ற நாசா பொறியாளர் பல நிறுவனங்களிடம் க்ரோனோகிராஃப், அதாவது ஸ்டாப்வாட்சும் சேர்ந்த வாட்ச், கேட்டார். ஹாமில்டன் பாக்கெட் கடிகாரத்தை அனுப்பியதால் ஆரம்பத்திலேயே விலக்கப்பட்டது. மிஞ்சியவை ரோலெக்ஸ், லாஞ்சின்ஸ், ஒமேகா. இவற்றை 71 டிகிரி சூட்டில் 48 மணி நேரம், அப்புறம் 93 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தார்கள். மைனஸ் 18 டிகிரி குளிர், புவியீர்ப்பைப் போல 40 மடங்கு (40 ஜி) அதிர்ச்சி, வெற்றிடம், ஈரப்பதம், 130 டெசிபல் இரைச்சல் என்று சோதனைகள் நீண்டன. ரோலெக்ஸ் ஈரப்பதச் சோதனையில் நின்றது; சூட்டில் அதன் முள் வளைந்தது. லாஞ்சின்ஸின் கண்ணாடி சூட்டில் நெளிந்து கழன்றது.

ஒமேகாவும் அலுங்காமல் வரவில்லை. காற்றழுத்தம் குறைத்த சோதனையில் 21 நிமிடம் முந்தியது, முடுக்கச் சோதனையில் 15 நிமிடம் பிந்தியது, டயலின் ஒளிப்பூச்சும் போனது. ஆனால் கடைசிவரை ஓடியது அது ஒன்றுதான். எனக்கு இந்த வாட்ச் மேல் மரியாதை வந்ததே இந்தச் சோதனை விவரத்தைப் படித்த பிறகுதான். 1965 மார்ச் 1-இல் ஒப்புதல் கிடைத்தது. அதே மாதம் 23-ஆம் தேதி ஜெமினி 3 விண்கலத்தில் பறந்துவிட்டது.

நிலவில் ஆர்ம்ஸ்ட்ராங் கட்டியிருந்தாரா?

இறங்கு கலத்தின் மின்னணுக் கடிகாரம் பழுதானதால், அவர் தன் வாட்சை அதற்கு மாற்றாகக் கலத்துக்குள்ளேயே விட்டு இறங்கினார். நிலவின் தரையில் ஸ்பீட்மாஸ்டர் கட்டி நடந்தவர் ஆல்ட்ரின். அந்த வாட்சைப் பிறகு ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பியபோது வழியில் தொலைந்துபோனது. இத்தனை பெரிய சொத்தை அவ்வளவு அலட்சியமாகவா அனுப்புவது என்று இன்றும் மனசு ஆறவில்லை.

அப்போலோ 13-ஐ இந்த வாட்ச்தான் காப்பாற்றியது என்கிறார்களே?

காப்பாற்றியது மனிதர்கள். 1970 ஏப்ரலில் ஆக்சிஜன் தொட்டி வெடித்த பிறகு, மின்சாரத்தை மிச்சப்படுத்தப் பெரும்பாலான கருவிகளை அணைத்துவிட்டார்கள். பாதையைத் திருத்த எஞ்சினைச் சரியாக 14 விநாடி இயக்க வேண்டியிருந்தது. கலத்தில் இருந்த மூவரில் லவெலும் ஹேஸும் கலத்தைத் திசை மாறாமல் பிடித்து நிறுத்த, ஸ்விகெர்ட் தன் ஸ்பீட்மாஸ்டரைப் பார்த்து விநாடி சொன்னார். அந்த ஆண்டு அக்டோபரில் விண்வெளி வீரர்கள் ஒமேகாவுக்குத் தங்கள் பாராட்டு விருதான ஸ்னூப்பி விருதைக் கொடுத்தார்கள்.

எடையில்லாத இடத்தில் ஆட்டோமேட்டிக் ஓடாது, அதனால்தான் சாவி கொடுக்கும் வாட்ச் என்பது சரியா சார்?

சரியில்லை. ஆட்டோமேட்டிக் க்ரோனோகிராஃப்களே 1969-இல்தான் வந்தன; நாசா தேர்ந்தெடுத்தபோது அவை இல்லவே இல்லை. 1973-இல் ஸ்கைலாப் என்ற விண்வெளி நிலையத்துக்குப் போன வில்லியம் போக் கையில் ஆட்டோமேட்டிக் செய்கோ ஒன்று ஓடியிருக்கிறது. கை அசைந்தால் உள்ளே இருக்கும் எடையும் சுற்றும், அது போதும்.

பழையது ஒன்று வாங்க நினைக்கிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

நிலவில் நடந்தவர்களின் ஸ்பீட்மாஸ்டர்களில் இருந்தது 321 என்ற எண் கொண்ட எஞ்சின், அதாவது வாட்சை ஓட்டும் உள் இயந்திரம். 1968-இல் ஒமேகா 861 என்ற வேறு எஞ்சினுக்கு மாறிவிட்டது. எனவே 321 என்றால் விலை பல மடங்கு ஏறும், போலியும் அதிகம். பின்மூடியைத் திறந்து காட்ட மறுப்பவரிடம் வாங்காதீர்கள். ஹெசலைட் கண்ணாடியில் கீறல் இருந்தால் கவலை வேண்டாம், அது பிளாஸ்டிக் வகை, தேய்த்தால் போய்விடும். டயலுக்குப் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள்.