மரம் 'மாம்' ஆவது ஏன்?
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: டொரன்டோவில் வார இறுதித் தமிழ் வகுப்பில் எட்டு வயதுப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். நான் தட்டச்சு செய்து, போட்டோகொப்பி எடுத்துக் கொடுக்கும் பயிற்சித்தாளில் 'மரம்' என்பதை 'மாம்' என்கிறார்கள். 'ஏரி'யை 'எரி' என்கிறார்கள். தாளில் என்ன பிழை?

பதில்: பிள்ளைகள் தாளில் தெரிவதைத்தான் படிக்கிறார்கள். பல எழுத்துருக்களில் ரகரத்தையும் துணைக்காலையும் பிரிப்பது அடியில் உள்ள ஒரு சின்னச் சாய்கோடுதான். எகர ஏகாரத்துக்கும் அப்படியே. 12 புள்ளி அளவில் அச்சிட்டு, நகலுக்கு நகல் எடுத்தால் முதலில் அழிவது அந்தக் கோடு. சொல்லை முன்பே அறிந்த நாம் கோடு இல்லாமலும் வாசித்துவிடுவோம். புதிதாகக் கற்கிற பிள்ளைக்கு அதைவிட்டால் வேறு பிடிமானம் இல்லை.

இந்த வயதுக்கு எழுத்தளவு 18 வையுங்கள். பெரிய வகுப்புக்கு 14 போதும். வரி இடைவெளி 1.5. அதற்குக் குறைந்தால் மேல்வரியில் உள்ள 'பு', 'சு' போன்றவற்றின் கோடு இறங்கி, கீழ்வரி மெய்யெழுத்தின் புள்ளியில் இடிக்கும். புள்ளி போனால் 'கல்' 'கல' ஆகிவிடும். அடிக்கோடு வேண்டவே வேண்டாம், அதுவும் இந்த எழுத்துகளின் அடியைத்தான் வெட்டும். தடித்த எழுத்தில் 'ண', 'ஞ' ஆகியவற்றின் சுழிகள் மையடைத்துக்கொள்ளும். ஒரு சொல்லை எடுத்துக்காட்ட அதைச் சுற்றிக் கட்டம் போடுங்கள்.

வரியின் இரு ஓரங்களையும் சமன் செய்யாதீர்கள். பெரிய எழுத்தில் வரிக்கு நான்கைந்து சொற்களே அடங்கும். சமன் செய்தால் நடுவில் பள்ளம் பள்ளமாக இடம் விழும். ஒவ்வொரு முறையும் மூலத்தாளிலிருந்தே நகல் எடுங்கள். வகுப்புக்குக் கொடுக்கும் முன், நகலைக் கை நீட்டிப் பிடித்துப் புள்ளிகள் எல்லாம் தெரிகின்றனவா என்று பாருங்கள்.

கேள்வி: ஒரு தாளில் எத்தனை பயிற்சி வைக்கலாம்? எப்படிச் செய்வது என்று எவ்வளவு விளக்க வேண்டும்?

பதில்: தாளின் ஒரு பக்கத்துக்கு இரண்டு. விளக்கம் ஒரே வரி. அதன்கீழ் முதல் வினாவுக்கு விடையை நீங்களே எழுதிக் காட்டுங்கள். பாதி விளக்கத்தை அதுவே செய்துவிடும். கோடிட்ட இடங்கள் எல்லாம் ஒரே நீளமாக, 5 செ.மீ.யாவது இருக்கட்டும். விடைக்கேற்ப நீட்டிக் குறைத்தால் பிள்ளை கோட்டின் நீளத்தைப் பார்த்தே விடையை ஊகிக்கும். கோப்பில் சேர்க்கத் துளையிடுவதானால் இடப்பக்கம் 2.5 செ.மீ. விடுங்கள். புகைப்படம் கறுப்பு வெள்ளை நகலில் கரும்பட்டையாகிவிடும், கோட்டுப்படமே நல்லது. 'சிவப்புச் சொல்லை எழுதுக' என்ற பயிற்சியும் அந்த நகலில் செல்லாது.

கேள்வி: வீட்டில் பாமினி எழுத்துருவில் அடித்த தாள் பள்ளிக் கணினியில் ஆங்கில எழுத்துகளாகத் தெரிகிறதே?

பதில்: பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துரு. அந்தக் கணினியில் அது இல்லை. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான குறிமுறையான யூனிகோடுக்கு மாற்றி, பிடிஎஃப் ஆகச் சேமித்து எடுத்துச் செல்லுங்கள். மாற்றியபின் ஔகார வரிசையை ஒருமுறை சரிபாருங்கள்: 'கௌ' என்ற ஓரெழுத்து, 'கெ', 'ள' என்று இரண்டெழுத்தாகியிருக்கலாம். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. எழுத்தெண்ணும் பயிற்சியில்தான் இடிக்கும்.