அதிபர் தேர்தல் முடிவில் தகராறு என்றால், முடிவைச் சட்டப்படி தள்ளிவைக்க வேண்டுமா?

இப்படிக் கேட்ட உங்கள் மனதில் இருப்பது 2021 ஜனவரி. ஜோ பைடனின் வெற்றியை உறுதிசெய்ய அமெரிக்க நாடாளுமன்றம் கூடுவதற்கு நான்கு நாள் முன்பு, டிரம்ப் கட்சியின் செனட்டர் (மேலவை உறுப்பினர்) டெட் குரூஸும் இன்னும் பத்துப் பேரும் ஓர் அறிக்கை விட்டார்கள். தகராறு உள்ள மாநிலங்களின் முடிவைத் தணிக்கை செய்ய ஒரு கமிஷன் போடுங்கள், பத்து நாளில் முடித்துவிடலாம் என்றார்கள். "பத்து நாள்தானே, கொடுத்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தள்ளிவைக்க இடம் இருக்க வேண்டும் என்பதுதான் என் கருத்தும். ஆனால் அந்த இடம் ஓட்டுப்பதிவுக்கு முன்பே சட்டத்தில் எழுதியிருக்க வேண்டும். யார் விசாரிப்பது, எத்தனை நாளுக்குள், அதுவரை பொறுப்பில் யார் இருப்பது, எல்லாமே. எண்ணி முடித்த பிறகு தோற்ற தரப்பு கேட்கிறது என்பதற்காகப் புதிதாக ஒரு கமிஷனை உண்டாக்கித் தள்ளிவைத்தால், அந்த நாட்களில் நடப்பது சரிபார்ப்பாக இருக்காது. பேரமாகிவிடும். அமெரிக்க வரலாற்றிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது, கீழே வருகிறேன்.

முதலில் இங்கே நம் பக்கத்து எண்ணிக்கை மையத்தில் பார்த்ததைச் சொல்கிறேன். கடலூர் மாவட்டத்தில் ஒரு சட்டமன்றத் தேர்தலின்போது எண்ணிக்கை முகவராக உட்கார்ந்திருந்தேன். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் மேசையும் அதிகாரிகளும். செல்போன் கிடையாது. கையில் பேனா, தாள், சாவடிவாரியாக 17சி படிவத்தின் நகல். ஓட்டுப்பதிவு முடிந்ததும் அந்தச் சாவடியில் மொத்தம் எத்தனை ஓட்டு பதிவானது என்று அலுவலர் கையெழுத்துப் போட்டு முகவருக்குக் கொடுப்பது அந்தப் படிவம். எந்திரத்தில் வரும் மொத்தத்தை அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் எங்கள் வேலை. ஒரு சாவடியின் எந்திரத்தில் சரியாக ஐம்பது ஓட்டு கூடுதலாக வந்தது. காலையில் நடத்திய மாதிரி வாக்குப்பதிவை அழிக்காமலேயே பதிவைத் தொடங்கியிருக்கிறார்கள் என்பது பார்த்தவுடனே புரிந்தது. வலைக்கு இந்தப் பக்கம் ஒரே சத்தம். "எண்ணுறத நிறுத்து, மொத்தத் தொகுதியையும் நிறுத்து" என்று ஆளுக்கு ஆள் கத்தினோம்.

நிறுத்தவில்லை. அந்த ஒரு எந்திரத்தை மட்டும் ஓரமாக எடுத்து வைத்துவிட்டு அடுத்ததுக்குப் போனார்கள். தேர்தல் ஆணையத்தின் விதி அதுதான். கடைசியில் வெற்றி வித்தியாசம் அந்தச் சாவடியில் பதிவான ஓட்டைவிடக் குறைவாக இருந்தால் அதன் விவிபாட் சீட்டுகளை (ஒவ்வொரு ஓட்டுக்கும் அச்சாகி விழும் காகிதச் சீட்டு) எண்ண வேண்டும். வித்தியாசம் அதைவிடப் பெரிது என்றால் அந்த எந்திரத்தைத் தொடாமலேயே முடிவை அறிவிக்கலாம். அன்று வித்தியாசம் சில ஆயிரங்கள். பக்கத்தில் இருந்த மூத்த முகவர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "தம்பி, அந்தப் பொட்டியில உள்ள அத்தனை ஓட்டும் நமக்கே விழுந்திருந்தாலும் நாம ஜெயிக்கல. கையெழுத்துப் போட்டுட்டு வா." கசப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த விதியை எங்களுக்காகவோ எதிர்த் தரப்புக்காகவோ அன்று காலை யாரும் எழுதவில்லை, முன்பே இருந்தது என்ற ஒன்றால்தான் அந்த இடத்தில் அடிதடி இல்லாமல் கலைந்தோம். அதே மாவட்டத்தில் 2016-இல் காட்டுமன்னார்கோவில் தொகுதியில் திருமாவளவன் தோற்றது 87 ஓட்டில். அப்படி ஒரு வித்தியாசம் வந்திருந்தால் அந்த ஒற்றை எந்திரம்தான் எல்லாவற்றையும் தீர்மானித்திருக்கும், அப்போது எத்தனை மணி நேரமானாலும் காத்திருக்கத்தான் வேண்டும்.

தகராறில் இருக்கும் ஓட்டு எவ்வளவு, வித்தியாசம் எவ்வளவு என்ற இந்தக் கணக்கை ஒரு நாட்டின் அதிபர் தேர்தலுக்கே போட்டுப் பார்த்தார்கள், 2016-இல் ஆஸ்திரியாவில். வான் டெர் பெல்லன் 30,863 ஓட்டில் ஜெயித்தார். தபால் ஓட்டுகளைப் பல மாவட்டங்களில் விதிப்படி கையாளவில்லை, நேரத்துக்கு முன்பே பிரித்தார்கள் என்று எதிர்த் தரப்பு வழக்குப் போட்டது. யாரும் ஓட்டை மாற்றியதாக நிரூபணம் இல்லை. ஆனால் அப்படிக் கையாளப்பட்டவை 77 ஆயிரத்துக்கு மேல், வித்தியாசத்தைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம். அரசியலமைப்பு நீதிமன்றம் ஜூலை 1 அன்று இரண்டாம் சுற்றை ரத்து செய்தது. பழைய அதிபரின் பதவிக்காலம் ஒரே வாரத்தில் முடிந்தது. அதுவரை பொறுப்பில் யார்? நாடாளுமன்றக் கீழவையின் மூன்று தலைவர்களும் கூட்டாகப் பார்த்துக்கொள்வார்கள் என்று அவர்கள் அரசியலமைப்பில் ஏற்கெனவே இருந்தது. மறுதேர்தலை அக்டோபரில் வைத்தார்கள். தபால் உறையின் பசை ஒட்டாமல் பிரிந்துகொண்டதால் அதையும் டிசம்பர் 4-க்குத் தள்ளினார்கள். பசைக்காக ஒரு நாட்டின் அதிபர் தேர்தல் இரண்டு மாதம் தள்ளிப்போயிருக்கிறது! நாடு ஒன்றும் கவிழவில்லை. வான் டெர் பெல்லனே மறுபடி, முன்னைவிடப் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார்.

இப்போது அமெரிக்காவுக்கு வருவோம். 2020 நவம்பர் 3 ஓட்டுப்பதிவு. ஜனவரி 6 நாடாளுமன்றக் கூட்டம். இடையில் இருந்த 64 நாளும் சட்டமே கொடுத்த அவகாசம்தான். அந்த நாட்களை யாரும் வீணாக்கவும் இல்லை. ஜார்ஜியாவில் மூன்று தடவை எண்ணினார்கள், அதில் ஒரு தடவை கையால். வித்தியாசம் சுமார் 12 ஆயிரத்தில் நின்றது. அறுபதுக்கும் மேற்பட்ட வழக்குகள் நீதிமன்றங்களில் நிற்கவில்லை, அவற்றைத் தள்ளியவர்களில் டிரம்ப்பே நியமித்த நீதிபதிகளும் உண்டு. மாநிலங்கள் சான்றளித்து, அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் மாநிலத் தேர்வாளர்கள் டிசம்பர் 14 அன்று ஓட்டும் போட்டு முடித்தாகிவிட்டது. எண்ணியவர்களும் நீதிபதிகளும் தங்கள் வேலையை முடித்த பிறகு, "இன்னும் பத்து நாள், இந்தத் தடவை நாடாளுமன்றத்துக்காரர்களும் நீதிபதிகளும் சேர்ந்து பார்க்கிறோம்" என்று கேட்டதை எப்படி ஏற்பது? பதினோராவது நாள் யாராவது "இன்னும் திருப்தியில்லை" என்றால் என்ன செய்வது என்பதற்கு அந்த அறிக்கையில் பதிலே இல்லை. ஜனவரி 20 நண்பகலோடு பதவிக்காலம் முடிகிறது. அதை யாராலும் நீட்ட முடியாது.

அந்த அறிக்கை முன்மாதிரியாகக் காட்டியது 1877-ஐ. எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது இங்கேதான். 1876 தேர்தலில் ஹேய்ஸுக்கும் டில்டனுக்கும் போட்டி. மூன்று தென் மாநிலங்களிலிருந்து இரண்டிரண்டு முடிவுகள் வந்துசேர்ந்தன. சட்டத்தில் வழி இல்லை. அதனால் ஐந்து செனட்டர், ஐந்து பிரதிநிதி (கீழவை உறுப்பினர்), ஐந்து நீதிபதி என்று 15 பேர் கமிஷனைப் புதிதாக உருவாக்கினார்கள். ஒவ்வொரு தகராறிலும் கட்சிவாரியாக 8-க்கு 7 என்றே தீர்ப்பு. 185-க்கு 184 தேர்வாளர் ஓட்டு என்று ஹேய்ஸ் ஜெயித்ததாக 1877 மார்ச் 2 அன்று அறிவித்தார்கள். பழைய அதிபரின் பதவிக்காலம் முடிய இரண்டே நாள் இருந்தது. அந்தக் கடைசி வாரங்களில் பூட்டிய அறைகளுக்குள் பேச்சு நடந்தது. சீக்கிரமே, தெற்கில் கறுப்பின மக்களின் ஓட்டுக்குக் காவலாக மிச்சம் இருந்த கூட்டாட்சிப் படை முகாமுக்குத் திரும்பியது. அதற்குப் பிறகு அந்த மக்கள் தடையில்லாமல் ஓட்டுப் போட 1965-இன் வாக்குரிமைச் சட்டம் வரை காத்திருந்தார்கள். தள்ளிவைத்த நாட்களுக்கு விலை கொடுத்தது போட்டியிட்ட இருவரும் இல்லை, அந்தப் பேச்சில் உட்காரவே இடமில்லாத மக்கள். அதைப் பார்த்துப் பயந்துதான் 1887-இல் தேர்வாளர் ஓட்டை எண்ணுவதற்கென்று ஒரு சட்டமே கொண்டுவந்தார்கள்.

அதற்காக அவசரமே நியாயம் என்று நான் சொல்லவில்லை. 2000-இல் புளோரிடாவில் சுமார் 60 லட்சம் ஓட்டில் புஷ் முன்னணி 537. அங்கே கையால் மறுபடி எண்ண மாநில உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. நாட்டின் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி, ஒரே மாதிரியான அளவுகோல் இல்லை, இனி எண்ண நேரமும் இல்லை என்று டிசம்பர் 12 இரவில் முடித்துவைத்தது. தேர்வாளர்கள் கூட வேண்டிய நாள் டிசம்பர் 18. நாடாளுமன்றம் எண்ணுவது ஜனவரி 6. என் பார்வையில் அங்கே கொடுத்திருக்க வேண்டிய நாட்களைக் கொடுக்கவில்லை. 537 என்பது எண்ணிப் பார்த்தே ஆக வேண்டிய வித்தியாசம்.

இந்த இரண்டு தப்புக்கும் நடுவில் நான் பார்த்ததில் நல்ல ஏற்பாடு கென்யாவுடையது. அதுவும் அடிபட்டுக் கற்றது. 2007 டிசம்பர் 30 அன்று பதவியில் இருந்த அதிபர் கிபாகியே ஜெயித்ததாக அறிவித்து, அன்று மாலையே அவசர அவசரமாகப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார்கள். தொடர்ந்த கலவரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். 2010-இல் எழுதிய புதிய அரசியலமைப்பில் கணக்காக வைத்தார்கள்: அறிவித்த ஏழு நாளுக்குள் வழக்குப் போடலாம், போட்ட 14 நாளுக்குள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியாக வேண்டும், அதுவரை யாருக்கும் பிரமாணம் கிடையாது, செல்லாது என்றால் 60 நாளுக்குள் மறுதேர்தல். 2017-இல் பதவியில் இருந்த அதிபரின் வெற்றியையே அந்த நீதிமன்றம் ரத்து செய்தது. மறுதேர்தலை எதிர்க்கட்சி புறக்கணித்தது, ஏற்பாடு குறையில்லாதது என்று சொல்ல மாட்டேன். ஆனால் 2022-இல் மறுபடி வழக்கு வந்தபோது, ஆகஸ்ட் 15 அறிவிப்பு, செப்டம்பர் 5 தீர்ப்பு, 13-ஆம் தேதி பதவியேற்பு. தோற்றவர் தீர்ப்பு பிடிக்கவில்லை என்றார், ஆனாலும் மதித்து நடந்தார்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இன்னொரு உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் சொல்தா (பிரெஞ்சுப் படையில் இருந்தவர்கள்) குடும்பங்கள் அங்கேயே பிரான்ஸ் அதிபருக்கு ஓட்டுப் போடுகிறார்கள். என் நண்பரின் அப்பா 2022-லும் போட்டார். ஒளிவுமறைவில்லாத கண்ணாடிப் பெட்டி, சீட்டை உறையில் வைத்துப் போட்டதும் "ஆ வோத்தே" (ஓட்டுப் போட்டாயிற்று) என்று உரக்கச் சொல்வார்கள் என்று அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஏதாவது சாவடியில் முறைகேடு என்றால் நாடு முழுக்க முடிவை நிறுத்துவதில்லை. அரசியலமைப்பு மன்றம் அந்தச் சாவடியின் ஓட்டை மட்டும் தள்ளுபடி செய்துவிட்டு மொத்தத்தை அறிவிக்கிறது. 2022-இல் ஏப்ரல் 24 ஓட்டுப்பதிவு, 27-ஆம் தேதி அறிவிப்பு. தேர்தலையே தள்ளிவைக்கவும் அவர்கள் அரசியலமைப்பின் 7-ஆவது பிரிவில் வழி உண்டு, முதல் சுற்றுக்கு முன் வேட்பாளர் இறந்துபோவது மாதிரியான சூழ்நிலைகளுக்கு.

நம் குடியரசுத் தலைவர் தேர்தலில் அப்படி நிறுத்திவைக்கிற பேச்சே இல்லை. 1957-இல் சில இடங்களில் பொதுத் தேர்தல் முடியாததால் குடியரசுத் தலைவர் தேர்தலைத் தள்ளிவைக்கச் சொல்லி என்.பி.கரே என்பவர் வழக்குப் போட்டபோது, குடியரசுத் தலைவர் தேர்தல் முழுவதும் முடிந்த பிறகு வாருங்கள் என்றது உச்ச நீதிமன்றம். 71-ஆவது பிரிவின்படி தகராறை உச்ச நீதிமன்றம் மட்டுமே விசாரிக்கும். தேர்வு செல்லாது என்றே தீர்ப்பு வந்தாலும் அதற்குள் அவர் போட்ட கையெழுத்துகள் செல்லும். 1969-இல் ஜெயித்த வி.வி.கிரி பதவியில் இருந்துகொண்டே உச்ச நீதிமன்றத்துக்கு நேரில் வந்து சாட்சி சொன்னார், 1970-இல் வழக்கு தள்ளுபடியானது. நிர்வாகம் பிரதமர் கையில் இருப்பதால் இது நமக்குச் சரிப்படுகிறது. ராணுவமும் கஜானாவும் ஒரே ஆள் கையில் போகும் அதிபர் முறைக்கு இது போதாது. அங்கே "முதலில் உட்காரட்டும், பிறகு விசாரிப்போம்" என்றால், மலாவியில் நடந்த மாதிரி ஆகும். 2019 மே மாதம் பதவியேற்ற அதிபர் முத்தாரிகாவின் தேர்தல் செல்லாது என்று 2020 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது, அதற்குள் எட்டு மாதம் ஆண்டிருந்தார்.

காலக்கெடு இல்லாத விசாரணை என்ன செய்யும் என்று பார்க்க ஆப்பிரிக்காவுக்குப் போகவும் வேண்டாம். 2016-இல் ராதாபுரத்தில் அப்பாவு தோற்றது 49 ஓட்டில். தகராறு 203 தபால் ஓட்டிலும் கடைசி மூன்று சுற்றுகளிலும். 2019 அக்டோபரில் உயர் நீதிமன்றம் மறுபடி எண்ணவும் வைத்தது. ஆனால் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அப்படியே 2021-இல் சட்டமன்றக் காலமே முடிந்துபோனது. தேர்தல் வழக்கை ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 86-ஆவது பிரிவில் இருக்கிறது. அந்த "முயல" என்ற சொல்லை எடுத்துவிட்டு, கென்யா மாதிரி கட்டாயக் கெடு போட வேண்டும் என்பதுதான் நான் இங்கே கேட்பது.

உங்கள் பத்து நாள் கேள்விக்குத் திரும்பினால்: 2022 டிசம்பரில் அமெரிக்கா அந்த 1887 சட்டத்தைத் திருத்திவிட்டது. முன்பு ஒரு செனட்டரும் ஒரு பிரதிநிதியும் கையெழுத்துப் போட்டால் ஆட்சேபணையை எடுத்துக்கொண்டாக வேண்டும். இப்போது இரண்டு அவையிலும் ஐந்தில் ஒரு பங்கு உறுப்பினர் வேண்டும். துணை அதிபரின் வேலை வெறும் சடங்கு வேலைதான், தகராறைத் தீர்ப்பது அல்ல என்று வெளிப்படையாக எழுதிவிட்டார்கள். மாநிலச் சான்று பற்றிய சில வழக்குகளை மூன்று நீதிபதிகள் அமர்வு விரைந்து கேட்கவும், அங்கிருந்து நேராக உச்ச நீதிமன்றம் போகவும் வழி வைத்திருக்கிறார்கள். 2000-இல் நாள் போதாமல் போனதற்கு இது பாதி மருந்துதான். டிசம்பரில் தேர்வாளர்கள் கூடும் நாளை இன்னும் இரண்டு வாரம் பின்னால் தள்ளியிருக்கலாம், அந்த நாட்களை எண்ணுகிறவர்களுக்குக் கொடுத்திருக்கலாம். அதைச் செய்யவில்லை.