பேங்கில் சொன்னது பேங்கோடு இருக்க வேண்டாமா? – கேள்வி பதில்

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் ஞாயிற்றுக்கிழமை பசியாறிவிட்டு நாலு பேர் சேர்ந்தால் முன்பெல்லாம் செம்பனை விலையும் கோவில் திருவிழாக் கணக்கும்தான் பேச்சு. இப்போது யாராவது ஒருவர் கைப்பேசியை நீட்டி, "இந்த நம்பர் எப்படிண்ணே என் பேரைச் சொல்லிக் கூப்பிடுது?" என்கிறார். நான் 26 வருஷம் பேங்க் கவுண்டரிலும் பிறகு லோன் பிரிவிலும் இருந்து ஓய்வு பெற்றவன். வந்த கேள்விகளைச் சுருக்கி, கேட்டவர்களின் பெயரை எடுத்துவிட்டுப் பதில் சொல்லியிருக்கிறேன். தகவல் பாதுகாப்பைப் பற்றி எழுதும் நானே பெயரைப் போட்டால் நன்றாக இருக்காது.

கேள்வி: அண்ணே, வீட்டு லோனில் 3 மாசம் பாக்கி விழுந்துவிட்டது. நான் போனை எடுக்கவில்லை என்று பேங்கிலிருந்து என் மச்சானைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். அவர் ஒரு கல்யாண வீட்டில் எல்லார் முன்னாலும், "என்னப்பா, வீட்டை ஏலம் விடப் போறாங்களாமே?" என்று கேட்டார். நான் பாக்கிக்காரன்தானே, புகார் கொடுக்க எனக்கு முகம் இருக்கிறதா?

இருக்கிறது தம்பி. பாக்கி ஒரு கணக்கு, இது வேறு கணக்கு. கடன் கட்டாதவனுக்கும் ரகசியம் உண்டு.

2013ஆம் ஆண்டின் நிதிச் சேவைச் சட்டத்தில் 133ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. வாடிக்கையாளரின் கணக்கு, விவகாரம் எதையும் பேங்கோ, அதன் ஊழியரோ, ஏஜெண்டோ வெளியாளிடம் சொல்லக்கூடாது. மீறினால் 5 வருஷம் வரை சிறை, 1 கோடி வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தப் பிரிவு வேலையில் இருப்பவரை மட்டுமல்ல, வேலையை விட்டுப் போனவரையும் கட்டும். நான் ஓய்வு பெற்று வருஷங்கள் ஆகியும், பாசார் மாலாமில் பழைய வாடிக்கையாளரைப் பார்த்தால் அவர் லோனைப் பற்றி வாய் திறப்பதில்லை. பழக்கம் பாதி, பயம் பாதி.

விலக்குகள் உண்டு. நீங்களே எழுத்தில் அனுமதி கொடுத்திருந்தால் சொல்லலாம். நீதிமன்றம் கேட்டால் கொடுக்க வேண்டும். உங்கள் மச்சான் அந்த லோனுக்கு ஜாமீன் போட்டவரா? அப்படியென்றால் பாக்கியை அவரிடம் சொல்ல பேங்குக்குக் காரணம் இருக்கிறது, உங்கள் புகார் அங்கேயே படுத்துவிடும். ஜாமீன் போடவில்லை, பாரத்தில் "அவசரத்துக்குத் தொடர்புகொள்ள" என்ற கட்டத்தில் அவர் நம்பரை எழுதிக் கொடுத்தீர்கள், அவ்வளவுதான் என்றால், "அவரை எங்களுக்குப் போன் பண்ணச் சொல்லுங்கள்" என்பதோடு பேங்க் நிறுத்தியிருக்க வேண்டும். மூன்று மாசம், ஏலம் என்றெல்லாம் போயிருக்கக் கூடாது.

இப்போது புகார். கவுண்டருக்குப் போய்ச் சத்தம் போடாதீர்கள். நான் அந்தப் பக்கம் நின்றவன், சொல்கிறேன்: சத்தம் போட்டவரை மானேஜர் ரூமில் உட்கார வைத்து, மைலோ கொடுத்து, "பார்க்கிறோம் ஐயா" என்று அனுப்பிவிடுவோம். மறுநாள் அதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது. எழுதி வந்தால்தான் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். எழுத்துக்கு நம்பர் விழும், நம்பர் விழுந்தால் யாராவது பதில் எழுதியே ஆக வேண்டும்.

மலாயில் எழுதுங்கள், இலக்கணம் பார்க்க வேண்டாம். விஷயம் இப்படி இருந்தால் போதும்:

"இன்ன தேதி மாலை 4 மணி வாக்கில் உங்கள் கிளையிலிருந்து பேசுவதாகச் சொன்னவர், இந்த எண்ணிலிருந்து, என் மனைவியின் அண்ணனைக் கூப்பிட்டிருக்கிறார். என் வீட்டுக் கடனில் 3 மாதத் தவணை பாக்கி என்று அவரிடம் சொல்லியிருக்கிறார். அவர் இந்தக் கடனுக்கு ஜாமீன்தாரர் அல்ல. அவரிடம் சொல்ல நான் எழுத்தில் அனுமதி தந்ததில்லை. யார் பேசினார், எந்த அனுமதியின் பேரில் சொன்னார், இனி நடக்காமல் இருக்க என்ன செய்தீர்கள் என்று எழுத்தில் பதில் வேண்டும்."

கீழே உங்கள் பெயர், ஐசி (அடையாள அட்டை) எண், கணக்கு எண். மச்சானின் போனில் அந்த அழைப்பு வந்த பக்கத்தைப் படம் எடுத்து இணையுங்கள். அவர் முறைத்துக்கொண்டிருந்தால் உங்கள் மனைவியை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள், அந்தப் படம் இல்லாமல் புகாருக்குக் கால் இல்லை. கிளைக்கு மட்டும் கொடுக்காமல், பேங்கின் தலைமையகத்தில் இருக்கும் அடுவான் (புகார்) பிரிவுக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். நகலில் "பெற்றோம்" என்று முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், அந்தப் பாக்கிக்கு ஒரு வழி பண்ணுங்கள். தவணையை மாற்றி அமைக்கக் கேட்பது தனிக் கடிதம். இரண்டையும் ஒரே கடிதத்தில் போட்டால், பாக்கிக்குப் பதில் வரும், புகாருக்கு வராது.

கேள்வி: பேங்க் பதிலே போடாவிட்டால்? அல்லது "விசாரித்தோம், தவறில்லை" என்று ஒரு வரி எழுதினால்?

இங்கேதான் நம் ஆட்கள் வழி தவறிப் போகிறார்கள். மூன்று கதவு இருக்கிறது, ஒவ்வொன்றும் வேறு வேலைக்கு.

பேங்க் நெகாரா, பேங்குகளைக் கண்காணிக்கும் இடம். 1-300-88-5465 என்ற எண்ணில் கூப்பிடலாம். அவர்கள் முதலில் கேட்பது, "பேங்குக்கு எழுதினீர்களா, பதில் என்ன?" என்பதைத்தான். அதனால் முத்திரை போட்ட அந்த நகல் இல்லாமல் போக வேண்டாம். ரகசியத்தை வெளியே சொன்ன விவகாரத்துக்கு இதுதான் நேரான கதவு.

இரண்டாவது, தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையர். 2010ஆம் ஆண்டின் சட்டம், 2013 நவம்பர் 15ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. உங்கள் பெயர், ஐசி, போன் எண், முகவரி இவற்றை எதற்காக வாங்கினார்களோ அதற்கு மட்டும்தான் பயன்படுத்த வேண்டும் என்பது இதன் சாரம். அபராதம் முன்பு 3 லட்சம் வெள்ளி வரை இருந்தது, 2024இல் திருத்தி 10 லட்சம் வரை ஆக்கியிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பணம் அரசாங்கத்துக்குப் போகும், உங்கள் கைக்கு வராது. நஷ்ட ஈடு வேண்டுமென்றால் வக்கீலைப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, நிதிச் சந்தை ஒம்புட்ஸ்மன், அதாவது பேங்குக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலான வழக்கைத் தீர்த்து வைக்கும் அமைப்பு. 2025 ஜனவரியில் பழைய இரண்டு அமைப்புகளைச் சேர்த்து உருவாக்கியது. பயனீட்டாளருக்குக் கட்டணம் கிடையாது. பேங்கின் முடிவான பதில் வந்து 6 மாதத்துக்குள் போக வேண்டும். கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் இது நல்ல இடம். மச்சான் முன்னால் மானம் போனதற்கு இங்கே போய் நிற்காதீர்கள், கால்தான் வலிக்கும்.

கேள்வி: அம்மாவின் பிக்சட் டெபாசிட் முதிர்ந்த மறுவாரமே ஒரு இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் கூப்பிட்டு, "உங்கள் 40,000 வெள்ளி முதிர்ந்துவிட்டதே, எங்களிடம் போடுங்கள்" என்கிறார். அம்மாவுக்கு 68 வயது. எங்கள் தோட்டத்தில் அந்தத் தொகை எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். (லிந்தாங் பக்கமிருந்து ஓர் அக்கா)

அக்கா, இது நல்ல கேள்வி. அந்த "40,000" என்ற எண்தான் உங்கள் சாட்சி.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், போன் எண் தெரிந்துவிட்டது என்பதை வைத்து மட்டும் பேங்கைப் பிடிக்க முடியாது. 2017இல் இந்த நாட்டில் 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் விவரம் மொத்தமாகக் கசிந்தது. அப்போது நாட்டின் ஜனத்தொகையே அவ்வளவு இல்லை. உங்கள் எண், என் எண், கோவில் குருக்களின் எண் எல்லாம் சந்தையில்தான் இருக்கிறது. "என் நம்பர் எப்படித் தெரிந்தது?" என்று எழுதினால் பேங்க் தோளைக் குலுக்கிவிடும். தொகை, முதிர்வுத் தேதி, இவை சந்தையில் கிடைக்காது. "இந்தத் தொகை என் அம்மாவுக்கும் எனக்கும் உங்கள் பேங்குக்கும் மட்டும்தான் தெரியும்" என்று எழுதுங்கள்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. அந்த ஏஜெண்ட் மறுபடி கூப்பிட்டால் திட்டி வைக்காதீர்கள். "எந்தக் கம்பெனி தம்பி? உன் பேர் என்ன? யார் கொடுத்தது?" என்று பாசமாகக் கேளுங்கள். சின்ன வயசுப் பையன்கள், பாட்டி மாதிரிப் பேசினால் சொல்லிவிடுவார்கள். அவர் அந்த பேங்க்கோடு சேர்ந்து காப்பீடு விற்கும் கம்பெனியின் ஆளா, இல்லை தெரிந்தவர் மூலம் பட்டியல் வாங்கிய வெளியாளா என்பதில்தான் புகாரின் கனம் இருக்கிறது.

கணக்குத் திறந்தபோது அம்மா கையெழுத்துப் போட்ட பாரத்தையும் தேடுங்கள். தகவலை எதற்குப் பயன்படுத்துவோம் என்ற அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்கிறது சட்டம், தமிழில் வராது. அதில் "விற்பனைத் தகவல் அனுப்ப ஒப்புக்கொள்கிறேன்" என்று ஒரு கட்டம் இருக்கும். அம்மா தானாக டிக் போட்டார்களா, கிளார்க் போட்டுக் கையெழுத்தை மட்டும் வாங்கினாரா? அந்தக் காலத்தில் எங்கள் கவுண்டரில் பேனா ஒரே ஓட்டமாக எல்லாக் கட்டத்திலும் ஓடும். மறைக்க மாட்டேன், என் பேனாவும் ஓடியிருக்கிறது.

டிக் போட்டிருந்தாலும் கதை முடியவில்லை. கொடுத்த சம்மதத்தை எழுத்தில் திரும்ப வாங்கலாம். விளம்பர அழைப்புக்கு என் தகவலைப் பயன்படுத்தாதே என்று சொல்ல, தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் 43ஆவது பிரிவு தனியாகவே உரிமை கொடுக்கிறது. இரண்டு வரிக் கடிதம். இன்றைக்கே அம்மாவிடம் கையெழுத்து வாங்குங்கள்.

கேள்வி: என்னைப் பற்றி பேங்க் என்னென்ன வைத்திருக்கிறது என்று கேட்டுப் பார்க்க முடியுமா?

முடியும். எழுதிக் கேட்டால் 21 நாளுக்குள் கொடுக்க வேண்டும். நகலோடு கேட்டால் 10 வெள்ளிக்கு மேல் வாங்கக்கூடாது. புகார் எழுதுவதற்கு முன்பே இதைக் கேட்டு வைப்பது புத்திசாலித்தனம், சம்மதப் பாரம் அதோடு வரும்படிக் கேளுங்கள்.

கேள்வி: தோட்ட ஆபீசில் சம்பள விவரமும் ஐசி காப்பியும் லோன் ஏஜெண்டுக்குப் போகிறது. வேலைக்குச் சேர்ந்த புதுப் பையன்களை மட்டும் குறிவைத்துக் கூப்பிடுகிறார்கள். பேங்க் மேல் புகார் கொடுக்கலாமா?

நீங்களே பதிலைச் சொல்லிவிட்டீர்கள். புதுப் பையன்களை மட்டும் என்றால், ஒழுகுகிற குழாய் ஆபீசில்தான். கிராணியோடு (ஆபீஸ் கிளார்க்கோடு) சண்டை வேண்டாம், மானேஜருக்கு எழுதுங்கள், நாலைந்து பேர் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள். அந்த ஏஜெண்ட் தன்னை எந்த பேங்கின் பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்திக்கொள்கிறார் என்று குறித்து, அந்த பேங்குக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். உண்மையிலேயே அவர்கள் ஆள் என்றால் பேங்குக்கும் பொறுப்பு உண்டு.

இனிமேல் ஐசி போட்டோஸ்டெட் கொடுக்கும்போது, குறுக்கே இரண்டு கோடு போட்டு நடுவில் "சம்பளக் கணக்குக்கு மட்டும்" என்று மலாயில் எழுதித் தேதி போடுங்கள். முகத்தையும் எண்ணையும் மறைக்காமல் ஓரமாகப் போகட்டும், இல்லாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

கேள்வி: "பேங்க் நெகாராவிலிருந்து பேசுகிறேன், உங்கள் தகவல் கசிந்துவிட்டது, பணத்தைப் பாதுகாப்புக் கணக்குக்கு மாற்றுங்கள்" என்று ஒருவர் தமிழிலேயே பேசினார். (ஜாலோங்கிலிருந்து ஓர் ஐயா)

ஐயா, போனை வைத்துவிடுங்கள். பேங்க் நெகாரா யாரையும் கூப்பிட்டுப் பணத்தை மாற்றச் சொல்லாது. பாதுகாப்புக் கணக்கு என்று ஒன்று கிடையாது. மாற்றிவிட்டீர்கள் என்றால் உடனே 997 (மோசடிப் புகாருக்கான அவசர எண்), பிறகு பேங்க், பிறகு பாலாயில் போலீஸ் ரிப்போர்ட். இந்த வரிசை முக்கியம், பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் பிடிக்கிற ஓட்டம் அது.

கேள்வி: யாரோ என் ஐசியில் லோன் எடுத்திருப்பார்களோ என்று பயமாக இருக்கிறது.

பேங்க் நெகாராவின் சிசிஆர்ஐஎஸ் (CCRIS) என்ற கடன் விவர அறிக்கையை இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம். உங்கள் பெயரில் பேங்குகளில் இருக்கும் கடன்கள், கடைசி 12 மாதம் கட்டிய விதம், போட்டிருக்கும் விண்ணப்பங்கள் எல்லாம் வரும். நீங்கள் போடாத விண்ணப்பம் ஒன்று அதில் இருந்தால், அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு முதலில் போலீஸ் ரிப்போர்ட், அப்புறம் அந்த பேங்க்.

கேள்வி: புகார் கொடுத்தால் நாளைக்குக் கார் லோன் கேட்கும்போது வஞ்சம் வைப்பார்களா?

லோன் பிரிவில் இருந்தவரை ஒரு விண்ணப்பத்தைக்கூட "இவர் புகார்க்காரர்" என்று நான் தள்ளியதில்லை. அங்கே பார்ப்பது சம்பளச் சீட்டு, கட்டிய ஒழுங்கு, ஏற்கெனவே இருக்கும் கடன். கிளையில் முகம் சுளிப்பார்கள், அது உண்மை. கவுண்டரில் உங்கள் எண்ணைக் கூப்பிடக் கொஞ்சம் தாமதமாகலாம். ஒரு நாளிதழைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.