‘நீ சேர்த்து வைத்து என்ன கிழித்தாய்?’ - வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் லாட்டரியும் கைச்செலவும்தான் அதிகம். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த முறைக்குத் தள்ளிவிட்டேன், கோபிக்க வேண்டாம்.

கேள்வி: என் கணவர் தினக்கூலிக்குப் போகிறார். கூலி கைக்கு வந்து வீட்டுக்கு வருவதற்குள் நாலைந்து லாட்டரி டிக்கெட் வாங்கிவிடுகிறார். குடிப்பழக்கம் கிடையாது, இது ஒன்றுதான். கேட்டால், “நீ பத்து வருஷமாகச் சேர்த்து வைத்து என்ன கிழித்தாய்?” என்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அவர் கோபத்தில் கேட்டிருந்தாலும் நல்ல கேள்விதான் அம்மா. நீங்கள் சேர்த்த பணம் எங்கே போனது என்று ஒரு நாள் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல், பள்ளிக் கட்டணம், வேலை கிடைக்காத இரண்டு வாரம், இப்படித்தான் போயிருக்கும். அந்தப் பணம் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் அந்த ஒவ்வொரு தடவையும் வட்டிக்கு வாங்கியிருப்பீர்கள், அந்த வட்டியை இன்றுவரை கட்டிக்கொண்டிருப்பீர்கள். நீங்கள் வாங்காமல் விட்ட அந்தக் கடன்தான் உங்கள் சேமிப்பின் பலன். பாஸ்புக்கில் அது தெரியாது, அதனால் கணவர் கண்ணில் மட்டுமல்ல, உங்கள் கண்ணிலும் படவில்லை.

சரி, அவர் பக்கமும் கொஞ்சம் பார்க்கலாம். கடனை ஒரே தடவையில் அடைக்க வேண்டும், சொந்தமாக ஒரு வீடு வேண்டும் என்றால் மொத்தமாகப் பணம் வேண்டும். அதைத் தினக்கூலிக்காரருக்கு வங்கியும் தராது, வேலை கொடுப்பவரும் தரமாட்டார். சில்லறைக் காசுக்குப் பெரிய பணத்தைக் கண்ணில் காட்டுகிற ஒரே சரக்கு அந்த டிக்கெட்தான். வாங்கியதிலிருந்து குலுக்கல் வரைக்கும் மனுஷனுக்கு ஒரு கனவு ஓடும், பாதி காசு அதற்குத்தான் கொடுக்கிறார். அதனால் அவரை முட்டாள் என்று திட்டுவதில் பயனில்லை. அந்தக் கனவுக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதை மட்டும் கணக்காகக் காட்டலாம்.

49 எண்களில் 6 எண்ணைச் சரியாகச் சொல்லும் வகை லாட்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் முதல் பரிசுக்கான வாய்ப்பு 1,39,83,816இல் ஒன்று. வாரம் ஒரு டிக்கெட் வீதம் விடாமல் வாங்கினால் சராசரியாக ஒரு முறை விழ சுமார் 2 லட்சத்து 69 ஆயிரம் ஆண்டுகள் ஆகும். பெரிய லாட்டரிகள் இதைவிட மோசம். அமெரிக்காவின் பவர்பால் லாட்டரியில் 2015இல் விதியை மாற்றி, முதல் பரிசு வாய்ப்பை 29 கோடியே 22 லட்சத்தில் ஒன்று என்று ஆக்கினார்கள். அதற்கு முன்பு 17 கோடியே 52 லட்சத்தில் ஒன்று. விழுவது குறைந்தால் பரிசுத் தொகை வாரா வாரம் சேர்ந்து மலைபோல் ஆகும், மலையைப் பார்த்தால் இன்னும் அதிகம் பேர் வாங்குவார்கள். கணக்குப் போட்டுத்தான் செய்கிறார்கள்.

ஆனால் இந்தக் கோடிக் கணக்கெல்லாம் சொன்னால் “யாருக்காவது விழத்தானே செய்கிறது” என்பார். அதனால் வேறொரு காரியம் செய்யுங்கள். விழாத டிக்கெட்டைக் கிழித்துப் போடாமல் ஒரு டப்பாவில் போடச் சொல்லுங்கள், இரண்டு மாதத்துக்கு. எப்போதோ விழுந்த சின்னப் பரிசு நினைவில் நிற்கும், விழாத ஐம்பது டிக்கெட் நிற்காது, அந்த டப்பா அதை நினைவில் வைத்துக்கொள்ளும். அப்புறம் வாரம் ஒரு டிக்கெட் என்று இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். முழுக்க நிறுத்து என்றால் ஒளித்து வாங்குவார், அது இன்னும் கெடுதல். மிச்சக் காசு அவர் வீடு வந்து சேருவதற்கு முன்பே, கூலி வாங்கும் இடத்திலேயே, எடுக்க முடியாத ஒரு இடத்துக்குப் போய்விட வேண்டும். தபால் அலுவலகக் கணக்கோ வங்கித் தொடர் வைப்போ எதுவானாலும் சரி. நம்பிக்கையானவர்கள் மட்டும் இருந்தால் சீட்டும் சரிதான். பத்துப் பேர் போட்டு மாதம் ஒருவர் மொத்தமாக எடுக்கும் இந்த முறை வேறு வேறு பெயரில் உலகம் முழுக்க இருக்கிறது, ஏழைகள் பெரிய தொகையைப் பார்க்க அவர்களே கண்டுபிடித்த வழி அது.

கேள்வி: ஏழு வருடமாக ஒரே எண்ணைத்தான் போட்டு வருகிறேன். இப்போது விட்டால் அடுத்த வாரமே விழுந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இவ்வளவு நாள் வராத எண் இனிமேல் வந்துதானே ஆக வேண்டும்?

வர வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. குலுக்கும் பந்துக்கு உங்கள் ஏழு வருடம் தெரியாது.

இத்தாலியில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே ஒவ்வொரு குலுக்கலிலும் 90 எண்களில் 5 எண்களை எடுப்பார்கள். வெனிஸ் நகரக் குலுக்கலில் 53 என்ற எண் 2003 மே மாதத்துக்குப் பிறகு வரவே இல்லை. “இனி வந்தே தீரும்” என்று நாடே அதன்மேல் பணம் கட்ட ஆரம்பித்தது. கடன் வாங்கிக் கட்டினார்கள், வீட்டுச் சேமிப்பைக் கொண்டுவந்து கட்டினார்கள், குடும்பங்கள் சிதைந்தன, உயிரும் போயிற்று. 182 குலுக்கல்கள் தாண்டி 2005 பிப்ரவரியில்தான் 53 வந்தது. அந்த 182 தடவையிலும் அதற்கு இருந்த வாய்ப்பு அதே 18இல் ஒன்றுதான், ஒரு இம்மிகூட ஏறவில்லை.

விட்ட வாரம் விழுந்தால் என்ன செய்வது என்ற பயம் இருக்கிறதே, அது நிஜம், சிரிக்க மாட்டேன். அதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அந்த எண்ணின் முடிவைப் பார்க்காமல் இருப்பது. இரண்டு மாதம் பேப்பரில் அந்தப் பக்கத்தைத் திருப்பாதீர்கள்.

கேள்வி: அதிக டிக்கெட் வாங்கினால் வாய்ப்பு கூடும் அல்லவா?

கூடும். நஷ்டமும் உறுதியாகும். எல்லா டிக்கெட்டையும் நீங்களே வாங்கினால் நிச்சயம் நஷ்டம், எவ்வளவு அதிகம் வாங்குகிறீர்களோ அவ்வளவுக்கு அந்த நிச்சயத்தை நெருங்குகிறீர்கள் என்று பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித் 1776லேயே எழுதிவிட்டார்.

கேள்வி: பணத்தின் அருமை தெரியாததால்தான் ஏழைகள் ஏழையாக இருக்கிறார்கள், லாட்டரி வாங்குவதே அதற்குச் சாட்சி என்கிறேன் நான். தவறா?

தவறு. உங்களுக்குக் கொஞ்சம் கடுமையாகவே பதில் சொல்லலாம் என்றிருக்கிறேன்.

தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகள் 464 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2013இல் சயின்ஸ் இதழில் வெளியானது. கரும்பு வெட்டிப் பணம் வந்த பிறகு ஒரு முறை, அதற்கு முன்பு கை வறண்டு கிடக்கும்போது ஒரு முறை என்று அதே ஆட்களுக்கு அறிவுத்திறன் சோதனை வைத்தார்கள். பணமில்லாத நாட்களில் மதிப்பெண் குறைந்தது. அதே மூளைதான், பணம் வந்ததும் நன்றாக வேலை செய்தது. நாளைக்கு அடுப்பு எரியுமா என்ற யோசனை பாதி மண்டையைப் பிடித்துக்கொண்டால் அடுத்த வருஷத்தைப் பற்றி யோசிக்க இடம் எங்கே இருக்கும்?

இன்னொன்று, அமெரிக்காவில் செய்தது, 2008இல் வெளிவந்தது. சிலரிடம் வருமானத்தை நிரப்பச் சொன்னார்கள், ஆனால் படிவத்தில் இருந்த தொகைகளைப் பார்த்தாலே நாம் ரொம்பக் கீழே இருக்கிறோம் என்று தோன்றும்படி அதை அமைத்திருந்தார்கள். அப்படி உணர்ந்தவர்கள் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு டிக்கெட் வாங்கினார்கள். அவர்கள் பையில் இருந்த காசு மாறவில்லை, தாழ்ந்தவன் என்ற உணர்வை மட்டும் ஏற்றிவிட்டார்கள். படிப்பிலும் வேலையிலும் சிபாரிசிலும் இல்லாத சமவாய்ப்பு அந்தக் குலுக்கலில் மட்டும் இருப்பதாக ஒருவனுக்குத் தோன்றினால் அதை எப்படிக் குறை சொல்வீர்கள்? நீங்கள் பேசுகிற மாதிரி பேசுவதே டிக்கெட் விற்பனையைக் கூட்டும் என்றுதான் நினைக்கிறேன்.

கேள்வி: என் தம்பிக்கு நடுத்தரமான ஒரு பரிசு விழுந்திருக்கிறது. கடனெல்லாம் தீர்ந்தது என்று வீடே கொண்டாடுகிறது. எனக்கு மட்டும் ஏனோ பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் பரிசு விழுந்தவர்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். 50 ஆயிரம் முதல் ஒன்றரை லட்சம் டாலர் வரை கிடைத்தவர்களில் திவாலாவது முதல் இரண்டு வருடம் குறைந்தது, பிறகு கூடியது, ஐந்து வருடத்தில் சிறு பரிசு பெற்றவர்களின் அளவுக்கே வந்து நின்றது. பணம் கஷ்டத்தைத் தள்ளித்தான் போட்டது.

தம்பியிடம் முதலில் வட்டிக் கடனை அடைக்கச் சொல்லுங்கள், அதில் எது அதிக வட்டியோ அது முதலில். மிச்சத்தை ஆறு மாதம் எடுக்க முடியாதபடி போட்டுவிட்டு, கேட்டு வரும் உறவினர்களுக்கு “எல்லாம் கடனுக்கே போய்விட்டது” என்ற ஒரே பதிலை வீட்டில் எல்லோரும் சொல்லட்டும். பொய்தான், பரவாயில்லை.

கேள்வி: பணமும் பத்திரமாக இருக்க வேண்டும், பரிசும் விழ வேண்டும். அப்படி ஒரு திட்டம் உலகத்தில் உண்டா?

உண்டு. பிரிட்டனில் 1956இல் அறிவித்த பிரீமியம் பாண்டு அப்படித்தான். போட்ட பணம் அப்படியே இருக்கும், வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம். வட்டி மட்டும் தனித்தனியாகக் கிடைக்காது, எல்லோர் வட்டியையும் சேர்த்து மாதா மாதம் குலுக்கிப் பரிசாகக் கொடுப்பார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் 2009இல் இதே மாதிரி தொடங்கின. தென்னாப்பிரிக்காவில் ஒரு வங்கி தொடங்கியது நன்றாக ஓடியது, லாட்டரி வாரியம் வழக்குப் போட, இதுவும் லாட்டரிதான் என்று 2008இல் நீதிமன்றம் நிறுத்திவிட்டது. ஏழை தோற்கிற லாட்டரிக்கு அனுமதி உண்டு, தோற்காத லாட்டரிக்குத் தடை. இதை என்னவென்று சொல்வது!

கேள்வி: இவ்வளவு பேசுகிறீர்களே, நீங்கள் வாங்கியதுண்டா?

உண்டு. கையில் காசே இல்லாத ஒரு காலத்தில். கடைசி எண் மட்டும் ஒன்று தள்ளிப் போயிற்று. ஒன்று தள்ளினாலும் ஒன்பது தள்ளினாலும் கிடைப்பது ஒன்றுமில்லைதான், ஆனால் அந்த வாரம் முழுக்கக் கிட்டத்தட்ட ஜெயித்தவன் மாதிரி நடந்து திரிந்தேன். அடுத்த வாரம் இரண்டு டிக்கெட் வாங்கினேன்.