தேயிலை நிலத்தை அடகு வைத்து மகளைப் பாரிஸுக்கு அனுப்பலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில் (படுகர் கிராமத்தில்) இருக்கிறோம். 2 ஏக்கர் தேயிலை உண்டு. கணவர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார், கைக்கு மாதம் 19,000 ரூபாய் வருகிறது. பச்சைத் தேயிலையில் செலவு போக ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் நிற்கும். அதுவும் விலையைப் பொறுத்தது. மகள் பிளஸ் டூவில் மொழிப்பாடமாகப் பிரெஞ்சு எடுத்து 97 வாங்கியிருக்கிறாள். பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு மொழியும் பண்பாடும்தான் படிப்பேன் என்கிறாள். ஒரு ஏஜென்ட், நேராகப் பாரிஸ் போகலாம், முதல் ஆண்டு மொழி வகுப்பு, பிறகு பட்டப்படிப்பு, முதல் ஆண்டுக்கு 14 லட்சம், நிலத்தை வைத்துக் கடன் ஏற்பாடு செய்கிறேன் என்கிறார். இந்த மாதமே ஒன்றரை லட்சம் முன்பணம் கேட்கிறார். 2015இல் தொடங்கிய செல்வமகள் கணக்கில் 10.4 லட்சம், வங்கியில் 3 லட்சம் வைப்பு, 12 பவுன் நகை இருக்கின்றன. என்ன செய்யலாம்?

பதில்: முன்பணம் கட்டாதீர்கள். நிலத்தைத் தொடாதீர்கள். மகள் பிரெஞ்சு படிக்கட்டும்; நல்ல படிப்புதான். ஆனால் பட்டப்படிப்பை இந்தியாவில் முடித்துவிட்டு, மேற்படிப்புக்குப் பிரான்ஸ் போகட்டும். பிரெஞ்சு படித்தவருக்குச் சம்பளம் வாங்கித் தருவது மொழியில் அவர் எட்டிய நிலை. அந்த நிலையை இங்கேயே, பத்தில் ஒரு பங்கு செலவில் எட்டலாம்.

முதலில் அந்த 97ஐப் பார்ப்போம். பிளஸ் டூ பிரெஞ்சில் மதிப்பெண் பெரும்பாலும் இலக்கணம், மொழிபெயர்ப்பு, மனப்பாடம் ஆகியவற்றிலிருந்து வருகிறது. காதால் கேட்டுப் புரிந்துகொள்வதும் வாயால் பேசுவதும் ஒதுங்கிவிடும். மகள் உண்மையில் எங்கே நிற்கிறாள் என்று தெரிய, பிரெஞ்சு அரசின் டெல்ஃப் தேர்வில் ஏ-2 நிலையை (மொழித்திறனை அளக்கும் ஏ-1 முதல் சி-2 வரையான ஆறு படிகளில் இரண்டாவது) எழுதச் சொல்லுங்கள். பிரெஞ்சு கற்பிக்கும் அலியான்ஸ் பிரான்சேஸ் மையங்கள் நடத்துகின்றன. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் ஒவ்வொன்றும் 25 மதிப்பெண். மொத்தம் 50 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் ஏதாவது ஒன்றில் 5க்குக் கீழே போனால் மொத்தம் எவ்வளவு இருந்தாலும் தோல்வி. நம் பிள்ளைகள் சறுக்குவது கேட்டலில்தான். ஒரு முறை தேறிய சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும். டிசிஎஃப் என்ற மற்றொரு தேர்வின் முடிவு 2 ஆண்டுதான் செல்லும். அதை விசாவுக்குப் போகும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

பிரான்ஸில் பிரெஞ்சு வழியில் பட்டப்படிப்பு சேரப் பொதுவாக பி-2 நிலை வேண்டும். அடியிலிருந்து தொடங்கினால் அதற்கு மொத்தம் 560 முதல் 650 மணி நேர வகுப்பு பிடிக்கும். ஏஜென்ட் சொல்லும் 'முதல் ஆண்டு மொழி வகுப்பு' இந்த இடைவெளியை அடைக்கத்தான். அதற்குத்தான் பாரிஸ் வாடகையோடு 14 லட்சம். அந்த ஆண்டு பட்டப்படிப்பில் ஒரு நாளாகக்கூடக் கணக்காகாது. ஆண்டு முடிவில் பி-2 வராவிட்டால் பல்கலைக்கழக இடமும் இல்லை. பி-2 வந்தாலும் முதல் ஆண்டிலேயே தடுக்கி விழுவோர் உண்டு. காரணம் மொழி அல்ல, எழுதும் முறை. அங்கே இலக்கியத் தாளில் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அதற்குள் இருக்கும் முரணைக் காட்டி, மூன்று பகுதியாக வாதத்தை நகர்த்தி நான்கு மணி நேரம் எழுத வேண்டும். நம் ஊர்ப் பாணியில் ஆசிரியர் வரலாறு, கதைச்சுருக்கம் என்று நிரப்பினால் மதிப்பெண் விழாது. இந்தப் பயிற்சியை இந்தியாவில் நல்ல துறைகளில் மூன்று ஆண்டு நிதானமாகப் பெறலாம்.

எந்தத் துறைகள்? டெல்லி ஜேஎன்யூவில் (ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம்) பி.ஏ. ஆனர்ஸ் பிரெஞ்சு இருக்கிறது, மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் பொது நுழைவுத் தேர்வு வழியாகச் சேர்க்கை. டெல்லி பல்கலைக்கழகத்திலும் ஹைதராபாத் இஃப்ளூவிலும் (ஆங்கிலம், அயல்மொழிகள் பல்கலைக்கழகம்) இதே படிப்பு உண்டு. அகரம் தெரியாதவர்களையும் எடுத்து மூன்று ஆண்டில் பி-2 பக்கம் கொண்டுவரும் பாடத்திட்டம் இவற்றில் இருக்கிறது. மகளுக்கு ஏற்கெனவே அடித்தளம் இருப்பதால் முன்னால் நிற்பாள். புதுச்சேரி அரசுக் கல்லூரிகளிலும் பி.ஏ. பிரெஞ்சு இருக்கிறது, ஆனால் சென்டாக் என்ற புதுச்சேரி அரசுச் சேர்க்கைக் குழு வழிச் சேர்க்கையில் அந்த ஊர்க்காரர்களுக்கே முன்னுரிமை. எம்.ஏ.வுக்கு வரும்போது புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஒன்றை மட்டும் மகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: முதல் ஆண்டு முழுக்க மொழி, அதன் பிறகு நாவல், கவிதை, வரலாறு, சமூகம் என்று வாசிப்பு மலைபோல வரும். வாசிக்கப் பிடிக்காதவர்கள் மூன்றாவது பருவத்தில் திணறுகிறார்கள்.

இப்போது பணம். ஜேஎன்யூவில் கல்விக்கட்டணம் ஆண்டுக்குச் சில நூறு ரூபாய்தான். செலவு விடுதியும் சாப்பாடும் ரயிலும். ஆண்டுக்கு 1.3 லட்சம் என்று வையுங்கள், மூன்று ஆண்டுக்கு 4 லட்சத்துக்குள். வங்கி வைப்பிலிருந்து ஆண்டுக்கு 1 லட்சம் எடுத்து, மீதியைச் சம்பளத்திலிருந்து அனுப்பலாம். தேயிலை விலை கீழே போன ஆண்டில் தடுமாறினால் பிஎம் வித்யாலட்சுமி கடன் இருக்கிறது. மத்திய அரசு நிறுவனங்களில் சேர்ந்தவர்களுக்கு ஜாமீனும் அடமானமும் இல்லாமல் கிடைக்கும். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருப்பதால் 10 லட்சம் வரையான கடனுக்கு 3 சதவீத வட்டி மானியமும் உண்டு. முழு வட்டியும் அரசே கட்டும் சலுகை தொழில்நுட்ப, தொழிற்படிப்புகளுக்கு மட்டும், பி.ஏ.வுக்கு அது வராது.

பிரான்ஸ் கணக்கை இப்படிப் போடுங்கள். யூரோவை 110 ரூபாயாக எடுத்துக்கொள்வோம். 2025-26 கல்வியாண்டில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு அரசுப் பல்கலைக்கழகக் கட்டணம் இளங்கலைக்கு 2,895 யூரோ, முதுகலைக்கு 3,941 யூரோ. மாணவர் பங்களிப்பாக இன்னொரு 105. வாழ்க்கைச் செலவுக்கு விசா அலுவலகம் கேட்கும் குறைந்தபட்சம் மாதம் 615, ஆண்டுக்கு 7,380 யூரோ. சிறிய ஊரில் அரசு மாணவர் விடுதி அறை கிடைத்தால் இதற்குள் ஓட்டலாம், பாரிஸில் முடியாது. ஆக இளங்கலைக்கு ஆண்டுக்கு 11.4 லட்சம், மூன்று ஆண்டுக்கு 34 லட்சத்தைத் தாண்டும். அதற்கு முன் மொழி ஆண்டு 14 லட்சம். உங்கள் வீட்டு வருமானத்தில் பத்தாண்டுக்கு மேல் உழைத்தால் வரும் தொகை இது. முதுகலை ஓர் ஆண்டுக்கு 12.6 லட்சம்.

இந்தியாவில் எம்.ஏ. முடித்தவர்களை முதுகலையின் இரண்டாம் ஆண்டிலேயே சேர்த்துக்கொள்ளச் சில பல்கலைக்கழகங்கள் சம்மதிக்கும். அப்படிப் போனால் அங்கே ஓர் ஆண்டுச் செலவோடு பிரெஞ்சு முதுகலைப் பட்டம் கையில் இருக்கும். பிரெஞ்சை அயல்மொழியாகக் கற்பிக்கும் பிரிவு, ஆசிரியர் வேலைக்கு நேராகப் பயன்படும். இன்னொன்று: பல்கலைக்கழகங்கள் சில மாணவர்களுக்கு மட்டும் கூடுதல் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, ஐரோப்பிய மாணவர் கட்டணமான 254 யூரோவை மட்டும் வாங்குகின்றன. ஒரே கையெழுத்தில் 4 லட்சம் மிச்சம். பிரெஞ்சுத் தூதரகத்தின் ஷார்பாக் உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். இரண்டுக்கும் மதிப்பெண்ணோடு விண்ணப்பக் கடிதமும் எடை போடப்படும். 'பிரெஞ்சுப் பண்பாட்டின் மீது எனக்குக் காதல்' என்று எழுதிய கடிதங்கள் குவிந்து கிடக்கும். உங்கள் மகளுக்கு எழுத வேறு இருக்கிறது. 1830களில் நீலகிரியின் கேத்தியில் நட்டுக் கைவிடப்பட்டுக் களைக்குள் கிடந்த தேயிலைச் செடிகளைக் கண்டு மீட்டவர், பிரெஞ்சுத் தாவரவியலாளர் பெரோத்தே. கொடைக்கானல் செண்பகனூரில் பிரெஞ்சு இயேசு சபையினர் 1895இல் நிறுவிய கல்லூரியில் இயற்கை வரலாற்றுச் சேகரிப்பு இருக்கிறது. புதுச்சேரியில் 1955 முதல் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இயங்குகிறது. தேயிலை வீட்டுப் பெண் இந்த ஆவணங்களைப் பிரெஞ்சிலேயே வாசிக்கப் போகிறேன் என்று எழுதினால் தேர்வுக்குழு நின்று படிக்கும்.

ஐந்து ஆண்டு கழித்துத்தான் போவதால் 12.6 லட்சம் அப்போது 15 லட்சத்தைத் தாண்டும் என்றே திட்டமிடுங்கள்: கட்டணம் 5.4, வாழ்க்கைச் செலவு 9.9. விமானம், விசா, அறை முன்பணத்துக்கு இன்னொரு 1.5.

செல்வமகள் கணக்கில் ஒரு சிக்கல் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. 18 வயதானதும் அல்லது பத்தாம் வகுப்பு முடித்ததும், முந்தைய நிதியாண்டு இறுதி இருப்பில் பாதி வரை படிப்புக்கு எடுக்கலாம். ஆனால் சேர்க்கைக் கடிதமோ கட்டண ரசீதோ காட்டும் தொகைக்குள்தான். வாடகையும் சாப்பாடும் அதில் வராது; பிரான்ஸ் செலவில் பெரும்பங்கு அவைதான். எனவே இப்போது எடுக்காமல், 15 ஆண்டு நிறையும் 2030 வரை மாதம் 5,000 தொடர்ந்து கட்டுங்கள். வட்டி இப்போதைய 8.2 சதவீத அளவில் நின்றால் ஐந்து ஆண்டில் 18 லட்சத்தை ஒட்டி வரும். அதில் 5.4 லட்சத்தைக் கட்டணத்துக்கு எடுத்தால் போதும். மகள் கிளம்பும் முன், வெளிநாட்டில் குடியிருப்பவராகக் கருதப்பட்டால் கணக்கைத் தொடர முடியுமா என்று அஞ்சலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தொடர முடியாது என்றால் கணக்குப் பணம் கைக்கு வரும் வழியை அப்போதே முடித்துக்கொண்டு போக வேண்டும்.

வாழ்க்கைச் செலவுக்குத் தனிச் சேமிப்பு. சம்பளத்திலிருந்து மாதம் 3,000 அஞ்சலகத் தொடர் வைப்பில் போட்டால், 6.7 சதவீதத்தில் 5 ஆண்டு முடிவில் 2.14 லட்சம். இதை மூன்று ஆண்டில் உடைத்தால் சாதாரண சேமிப்புக் கணக்கு வட்டிதான் கிடைக்கும். பி.ஏ. முடிந்ததுமே போகும் எண்ணம் இருந்தால் வங்கியில் 36 மாதத் தொடர் வைப்பாகப் போடுங்கள். தேயிலைப் பணத்தைத் தொடர் வைப்பில் கட்டாதீர்கள். பனி விழும் மாதங்களில் இலை குறையும், தவணை தவறும், தண்டம் விழும். இலை நன்றாக வரும் மாதங்களில் கையில் நிற்பதை அப்படியே ஓராண்டு வைப்பாக மாற்றுங்கள். ஆண்டுக்கு 40,000 சேர்த்தால் இன்னொரு 2.2 லட்சம். மீதித் தேவை 7 லட்சத்தை ஒட்டி வரும், அதற்குக் கல்விக்கடன். கல்விக்கடனில் ஏழரை லட்சம் வரை அடமானச் சொத்து கேட்பதில்லை. 4 லட்சத்துக்கு மேல் வெளிநாட்டுப் படிப்புக்கு 15 சதவீதம் நம் பங்கு. செல்வமகள் பணத்தில் கட்டும் கட்டணத்தை அந்தப் பங்காக ஏற்கச் சொல்லி வங்கியிடம் கேளுங்கள். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை தொடங்காது, ஆனால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். முடிந்தால் அந்த வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டிவிடுங்கள்.

நிலம் பற்றி. வாராக்கடன் வசூலுக்கான சர்ஃபாசி சட்டம் விவசாய நிலத்துக்குச் செல்லாது என்பதால் வங்கிகள் அதைக் கல்விக்கடன் அடமானமாக வாங்கத் தயங்கும். ஹட்டி நிலங்கள் பல கூட்டுப் பட்டாவில் இருப்பதும் இன்னொரு தடை. வங்கி தயங்கும் நிலத்தின் மேல் ஏஜென்ட் கடன் ஏற்பாடு செய்கிறார் என்றால், அது வட்டி கூடிய தனியார் கடனாகவோ கிரயப் பத்திரத்தில் கையெழுத்து கேட்கும் கடனாகவோதான் இருக்கும். மாதாமாதம் வருமானம் தரும் ஒரே சொத்தை அதில் வைக்கக் கூடாது.

அங்கே போனபின் மகள் வேலை செய்து சமாளிப்பாள் என்று எண்ணிக் கணக்குப் போடாதீர்கள். ஆண்டுக்கு 964 மணி நேரம் வேலை செய்ய அனுமதி உண்டு, குறைந்தபட்சக் கூலி மணிக்குப் பிடித்தத்துக்கு முன் 12 யூரோ அளவில். முதல் ஆண்டில் அதைப் பூஜ்யமாகவே வையுங்கள். அரசு வீட்டு வாடகை உதவியையும் சேர்க்காதீர்கள், அதன் விதிகள் மாறிக்கொண்டிருக்கின்றன. மாணவர்களுக்கு இலவசமாகக் கிடைப்பவற்றை நம்பலாம்: அரசு மருத்துவக் காப்பீட்டுப் பதிவு, வீட்டுக்காரர் ஜாமீன் கேட்டால் 'விசால்' என்ற அரசு ஆதரவு உத்தரவாதம். விசாவுக்குக் காட்டும் பணம் சில மாதங்களாவது கணக்கில் இருக்கட்டும். கடைசி வாரம் திடீரென்று வந்து விழுந்த தொகைக்கு விளக்கம் கேட்பார்கள். வங்கிக் கடன் அனுமதிக் கடிதமும் செல்லும். ஆண்டுக்கு 10 லட்சத்துக்கு மேல் சொந்தப் பணம் அனுப்பினால் டிசிஎஸ் என்ற வரியை முன்கூட்டியே பிடிப்பார்கள், கல்விக்கடனிலிருந்து போகும் தொகைக்குப் பிடிப்பதில்லை. பிடித்ததை வருமான வரிக் கணக்குத் தாக்கலில் திரும்பப் பெறலாம்.

படித்தபின் வேலை என்ன என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடனை அடைப்பது அதுதான். சென்னை, பெங்களூரில் வெளிநாட்டு நிறுவனங்களின் கணக்கு, காப்பீடு, வாடிக்கையாளர் சேவைப் பிரிவுகளில் பி-2, சி-1 நிலைக்கு இடம் உண்டு. கூடவே அடிப்படைக் கணக்குப் பதிவு தெரிந்தால் வெறும் மொழி தெரிந்தவரை விடச் சம்பளம் கூடும். விடுமுறையில் டேலி என்ற கணக்கு மென்பொருளைப் படிக்கச் சொல்லுங்கள். வெறும் மொழிபெயர்ப்பை நம்பி இறங்க வேண்டாம், எளிய மொழிபெயர்ப்பை இப்போது கணினியே செய்கிறது. ஆசிரியராக விரும்பினால் எம்.ஏ.வோடு பி.எட். வேண்டும், ஊட்டியிலும் கொடைக்கானலிலும் பன்னாட்டுப் பாடத்திட்டப் பள்ளிகள் இருப்பதால் மலையை விட்டு இறங்காமலே வேலை தேடலாம்.

நகையை விற்க வேண்டாம். அறை முன்பணம் ஒன்றிரண்டு மாத வாடகை கட்ட வேண்டிவரும், காலி செய்யும்போது திரும்பி வரும். கடைசி நேரத்தில் அதற்குப் பற்றாக்குறை வந்தால் மட்டும் இரண்டு மூன்று பவுனை வங்கியில் வைத்து, ஆறு மாதத்தில் மீட்டுவிடுங்கள். இந்த வாரம் செய்ய வேண்டியது இரண்டு: ஏ-2 தேர்வுக்குப் பெயர் கொடுப்பது, க்யூட் விண்ணப்பம் எப்போது, அதில் எந்தப் பாடங்களைக் குறிக்க வேண்டும் என்று பார்ப்பது.